விநயம் என்னும் தவம்

 

இளையோர் பிறரை மதிக்கக் கற்பதற்கும், கற்றதைப் பிறர்க்குக் கற்பிப்பதற்கும் பெரியோர் எவ்வாறு துணைநிற்கலாம் என்பதே இவ்வுரையின் பொருள். திருவிழா மேடைக்கு ஏற்ற பொருளே இது. பூசையிலும் ஊர்வலத்திலும் பிள்ளைகள் காணும் வணக்கம், பள்ளியிலும் தெருவிலும் அவர்தம் பழக்கமாக மாறும்போதுதான் விழா நிறைவு பெறுகிறது.

"இக்காலப் பிள்ளைகளிடம் மரியாதை குறைந்துவிட்டது" என்னும் முறையீடு ஊர்தோறும் கேட்கிறது. முறையிடுவோர் முதலில் எண்ணிப் பார்க்க வேண்டியது ஒன்றுண்டு. மரியாதை என்று சொல்லி இதுவரை பிள்ளைகளுக்குக் கற்பிக்கப்பட்டது எது? பெரியவர் வந்தால் எழுந்து நில், கைகூப்பு, எதிர்த்துப் பேசாதே, காலை நீட்டி உட்காராதே. இவை யாவும் நல்ல பழக்கங்களே. ஆயினும் இவை மரியாதையின் அடையாளங்கள். அடையாளத்தை மட்டும் கற்ற பிள்ளை, அதனை எவரிடம் காட்டினால் பயன் உண்டு என்பதையும் விரைவில் கற்றுக்கொள்கிறது. தலைமையாசிரியரைக் கண்டதும் விறைத்து நிற்கும் மாணவன், அதே தாழ்வாரத்தைப் பெருக்கும் மூதாட்டியை "ஏய், நகரு" என்று விலக்கிச் செல்வதுண்டு. தண்டிக்க வல்லவர் யார், வல்லாதவர் யார் எனப் பிரித்துக் காணும் கணக்கையே அவன் கற்றிருக்கிறான். மேல்நோக்கி மட்டும் செல்லும் மரியாதைக்கு அச்சம் என்று பெயர். அச்சம் நீங்கிய அன்றே அதுவும் நீங்கிவிடும். பதின்பருவத்தில் பிள்ளை திடீரென மாறிவிட்டதாகப் பெற்றோர் திகைப்பதற்கும் பெரும்பாலும் இதுவே காரணம்.

இக்கணக்கைப் பிள்ளைக்குக் கற்பித்தவர் யார்? வீட்டில் பேசப்படும் தமிழே அதற்குச் சான்று கூறும். "டாக்டர் வந்தார்" என்று சொல்லும் அதே வாய், அடுத்த நொடியில் "தபால்காரன் வந்தான்" என்கிறது. அதிகாரியை "வாங்க" என்று வரவேற்கும் அதே வீட்டில், அவரினும் வயதில் மூத்த காய்கறி விற்பவர் "வா" என்று அழைக்கப்படுகிறார். மகிழ்ச்சி, உயர்வு, சினம், இழிவு முதலிய காரணங்களால் திணையும் பாலும் மாறி வருவதை நன்னூல் வழுவமைதியாக ஏற்றுக்கொண்டது. மனத்தின் நிலை சொல்லின் விகுதியில் வெளிப்பட்டுவிடும் என்பதனை இலக்கணம் நன்கறியும். ஐந்து வயதுப் பிள்ளைக்கு இலக்கணம் தெரியாது. ஆனால் யார்க்கு 'ஆர்' விகுதி, யார்க்கு 'ஆன்' விகுதி என்பது பிழையின்றித் தெரியும். அப்பாடத்தை எந்த ஆசிரியரும் நடத்தவில்லை, வீடுதான் நடத்தியது.

ஆகவே, மரியாதை குறைந்துவிட்டது என்று வருந்துவதைக் காட்டிலும், மரியாதை என்பது யாது என்பதை மீண்டும் தெளிவது நலம். அத்தெளிவை அளிக்கும் செல்வம் ஜைன அறநூல்களிலேயே உள்ளது.

மதித்தலை அந்நூல்கள் விநயம் என்று அழைக்கின்றன. அச்சொல் வைக்கப்பட்டிருக்கும் இடம் கருதத்தக்கது. தத்துவார்த்த சூத்திரம் தவத்தைப் புறத்தவம் ஆறு, அகத்தவம் ஆறு எனப் பகுக்கிறது. உண்ணாநோன்பு, உணவைக் குறைத்தல், சுவையைத் துறத்தல் முதலியன புறத்தவத்தைச் சாரும். குற்றத்திற்குக் கழுவாய் தேடுதல், விநயம், தொண்டு, நூல் ஓதுதல், பற்றறுத்தல், தியானம் ஆகிய ஆறும் அகத்தவம். உண்ணாநோன்பு இருப்பவரை ஊரார் வணங்குகின்றனர். அகத்தவமாகிய விநயத்தைக் காப்பவரோ பலர் கண்ணுக்குத் தெரிவதில்லை. எனினும் இரண்டும் தவமே என்று நூல் உறுதியாகச் சொல்கிறது.

தவம் என்று சொன்னதனால் இரண்டு உண்மைகள் பெறப்படும். முதலாவது, விநயம் தானாக வந்து அமைவதன்று. நாள்தோறும் பயில வேண்டுவது. இரண்டாவது, தவம் அதனைச் செய்பவரையே தூய்மையாக்கும். எனவே விநயம், உயர்ந்தவருக்குத் தாழ்ந்தவர் செலுத்தும் கப்பம் ஆகாது. மூதாட்டிக்கு வழிவிட்டு ஒதுங்கி நின்ற மாணவன் அவருக்கு ஏதோ கொடுத்துவிட்டதாக எண்ண வேண்டியதில்லை. பெற்றவன் அவனே.

பிள்ளைகள் மழலைப் பருவத்திலேயே ஓதப் பழகும் பஞ்ச நமஸ்காரத்தையே எடுத்துக்கொள்ளலாம். அருகர், சித்தர், ஆசாரியர், உபாத்தியாயர், உலகிலுள்ள எல்லாச் சாதுக்கள் என ஐவகையோர்க்கும் அது வணக்கம் சொல்கிறது. அதில் தனி ஒருவர் பெயரும் இல்லை. தீர்த்தங்கரர் ஒருவர் பெயர்கூட இல்லை. வணங்கப்படுவது குணமே. கற்பிக்கும் உபாத்தியாயர்க்கு அதில் நான்காம் இடம் தரப்பட்டுள்ளது. இறுதி வணக்கமோ எல்லை கட்டாமல் உலகிலுள்ள எல்லாச் சாதுக்களையும் தழுவிக்கொள்கிறது. "இம்மந்திரத்தில் ஏன் ஒரு பெயரும் இல்லை?" என்று பிள்ளைகளிடம் கேட்டு, அவர்களையே விடை தேடச் செய்தால், அதுவே விநயத்தின் முதற்பாடமாகும். செல்வம், பதவி, உடுத்திய ஆடை, வந்து இறங்கிய வண்டி ஆகியவற்றைப் பார்த்து வணங்குதல் வணக்கமாகாது என்பதனைப் பிள்ளைகள் தாமே கண்டுகொள்வர்.

விநயத்தை அடுத்து நிற்கும் அகத்தவம் வையாவிருத்தியம் என்னும் தொண்டு. அத்தொண்டுக்கு உரியோர் பத்து வகையினர் என்று சூத்திரம் எண்ணித் தருகிறது. ஆசாரியரும் உபாத்தியாயரும் தவமுனிவரும் அப்பட்டியலில் முன்னே நிற்பது வியப்பன்று. அவர்களுக்கு அடுத்து, இப்போதுதான் கற்கத் தொடங்கிய மாணவரும், நோயுற்றவரும் வைக்கப்பட்டிருப்பதுதான் நெஞ்சைத் தொடுவது. கற்பிப்பவருக்கு ஆற்றும் தொண்டு எத்தகைய தவமோ, கற்பவருக்கு ஆற்றும் தொண்டும் அத்தகைய தவமே. மரியாதை மேல்நோக்கி மட்டும் பாய்வதன்று என்பதற்கு இதனினும் தெளிந்த சான்று வேண்டுமோ?

ஆசிரியர்கள் கருத வேண்டிய செய்தி இதில் அடங்கியுள்ளது. நன்னூலை இயற்றிய பவணந்தி முனிவர் சமண முனிவர் என்பதை இந்த அவை அறியும். அந்நூலின் பொதுப்பாயிரம், நல்லாசிரியர்க்கு நிலம், மலை, துலாக்கோல், மலர் ஆகிய நான்கினையும் உவமை ஆக்குகிறது. தோண்டுவாரையும் தாங்குவது நிலம். அசையாது நிற்பது மலை. ஒருபால் சாயாதது துலாக்கோல். எவரும் விரும்பித் தலையில் சூடுவது மலர். மேலும், கற்பிக்கும்போது மாணவன் கொள்ளும் வகையை அறிந்து, அவன் உள்ளம் ஏற்கும்படி, கோணாத மனத்தோடு கற்பிக்க வேண்டும் என்றும் அந்நூல் விதிக்கிறது. மாணவனின் உள்ளத்தை அறிந்து நடத்தல் என்பது மாணவனை மதித்தலே ஆகும்.

இதனை இன்றைய வகுப்பறையில் வைத்துப் பார்க்கலாம். விடைத்தாளைத் திருப்பித் தரும்போது குறைந்த மதிப்பெண் பெற்றவனை எழுப்பி நிறுத்தி எண்ணை உரக்க வாசிப்பது ஒரு முறை. தாளை மடித்துக் கையில் தந்து, "இந்த இரண்டு கணக்கையும் நாளை மீண்டும் பார்க்கலாம்" என்பது மற்றொரு முறை. இருவகையிலும் மாணவன் பெறும் எண் ஒன்றே. ஆனால் சுற்றியிருக்கும் நாற்பது பிள்ளைகள் கற்றுக்கொள்ளும் பாடம் ஒன்றன்று. முதல் வகுப்பறையில், வலியார் மெலியாரைப் பலர் முன்னிலையில் நாணச் செய்யலாம் என்று கற்றார்கள். இடைவேளையில் மரத்தடியில் அப்பாடத்தைத் தமக்கு இளையவர்மீது அவர்கள் செய்து பார்ப்பார்கள். பட்டப்பெயர்களும் எள்ளல்களும் பிறக்கும் இடம் அதுவே.

தவறு நேர்ந்தால் பெரியவர் என்ன செய்ய வேண்டும்? சுவேதாம்பர மரபின் ஆகமமாகிய உபாசகதசாவில் இதற்கு ஓர் அரிய வரலாறு உண்டு. ஆனந்தர் என்னும் இல்லறத்தார் பன்னிரு விரதங்களை ஏற்று நெடுங்காலம் வாழ்ந்து, இறுதியில் சல்லேகனை நோற்றிருந்தார். அப்போது தமக்கு அவதி ஞானம் விரிந்த அளவினை, தம்மைக் காண வந்த கௌதமரிடம் கூறினார். கௌதமரோ பகவான் மகாவீரரின் முதற் கணதரர். இல்லறத்தார்க்கு அத்துணை விரிந்த ஞானம் வாய்க்காது என்று மறுத்து, அவ்வாறு சொன்னதற்குக் கழுவாய் தேடிக்கொள்ளுமாறு அவர் ஆனந்தரைப் பணித்தார். மெய் சொன்னவர்க்கும் கழுவாய் உண்டோ என்று ஆனந்தர் பணிவோடு வினவினார். இல்லை என்றார் கௌதமர். அங்ஙனமாயின் கழுவாய் தேட வேண்டியவர் தாங்களே என்றார் ஆனந்தர். ஐயமுற்ற கௌதமர் பகவானிடம் சென்று நிகழ்ந்ததை உரைத்தார். ஆனந்தர் சொன்னதே மெய் என்றும், கௌதமர் சென்று பொறுத்தருள வேண்டுதல் வேண்டும் என்றும் பகவான் அருளினார். கணதரர் திரும்பி நடந்து சென்று இல்லறத்தாரிடம் பொறை வேண்டினார்.

இவ்வரலாற்றில் இருவரும் கற்பிக்கின்றனர். தம் கருத்து மெய் என்று அறிந்தும் ஆனந்தர் குரலை உயர்த்தவில்லை. அஞ்சி அடங்கவும் இல்லை. பெரியவரிடம் மாறுபட வேண்டுமாயின் எங்ஙனம் மாறுபடுவது என்பதனை மாணவர் அவரிடம் கற்கலாம். ஒரு சங்கத்தின் தலைமாணாக்கராக இருந்தும் கௌதமர் திரும்பி நடந்தார். வகுப்பில் தவறாக ஒரு மாணவனைக் கடிந்துகொண்ட ஆசிரியர், மறுநாள் அதே வகுப்பின் முன் "நேற்று உன்னைக் கடிந்தது தவறு" என்று சொல்வாராயின், அவர் மதிப்பு குறையாது. கௌதமரின் மதிப்பு இன்றளவும் குறைந்ததாகத் தெரியவில்லை.

இவ்விடத்தில் 'மானம்' என்னும் சொல்லைப் பற்றிச் சிறிது சிந்திக்க வேண்டும். திருக்குறளில் மானம் என்றே ஓர் அதிகாரம் உண்டு. அங்கே மானம் என்பது இழிவான செயலுக்கு உடன்படாத உள்ள உறுதி. ஜைன தத்துவத்திலோ சினம், மானம், மாயை, உலோபம் என்னும் நான்கு கஷாயங்களுள் மானமும் ஒன்று. அங்கே அதன் பொருள் செருக்கு. சொல் ஒன்று, பொருள் இரண்டு. பிள்ளைகள் முன்னதைக் காக்கவும் பின்னதைக் களையவும் கற்க வேண்டும். ஜினாலயங்களின் முன்னே நிற்கும் மானஸ்தம்பம் இப்பாடத்தை நடத்திக்கொண்டே இருக்கிறது. வாதிடும் எண்ணத்தோடு வந்த கௌதமரின் கல்விச் செருக்கு, சமவசரணத்தின் மானஸ்தம்பத்தைக் கண்ட அளவில் கரைந்தது என்று திகம்பர மரபு கூறும். கோயிலுக்குள் செல்லும் பிள்ளைக்கு அத்தூணின் பொருளை ஒருமுறை சொல்லிவைத்தால் போதும். பிறர்முன் குனிந்து கெஞ்ச வேண்டியதில்லை; பிறரைக் குனியவைக்கவும் வேண்டியதில்லை என்னும் நிமிர்வு அதனால் விளையும். தசலட்சணப் பருவத்தின் இரண்டாம் நாளுக்குரிய உத்தம மார்தவம் என்னும் மென்மையும் இந்நிமிர்விலிருந்தே பிறக்கும்.

இனி, விநயத்தைக் கற்கும் வழி யாது? இதற்கும் பவணந்தி முனிவர் ஒரு கணக்கு வைத்திருக்கிறார். ஆசிரியர் உரைத்ததை நன்கு கேட்டுக்கொண்ட மாணவனும் புலமையில் காற்கூறுதான் பெறுவான். உடன் கற்பாரோடு பழகிப் பயிலும்போது இன்னொரு காற்கூறு வந்து சேரும். எஞ்சிய அரைக்கூறும் தான் கற்றதைப் பிறர்க்கு எடுத்துரைக்கும்போதே நிரம்பும். நூல் ஓதும் தவத்தை ஐந்தாகப் பகுத்த தத்துவார்த்த சூத்திரமும், பயிலுதல், வினவுதல், சிந்தித்தல், திரும்ப ஓதுதல் என்னும் நான்கினை அடுத்து, அறத்தைப் பிறர்க்கு உரைத்தலையே இறுதிப்படியாக வைத்தது. இலக்கணத்திற்கும் சமய நூலுக்கும் பொருந்திய இக்கணக்கு ஒழுக்கத்திற்குப் பொருந்தாமல் போகுமோ? பெரியோர் ஆற்றும் அறிவுரை காற்கூறே. மீதி முக்காற்கூறும் மாணவர் கையில் இருக்கிறது. அதனை அவர்கள் கையில் ஒப்படைக்காமல் அறிவுரையை மட்டும் நீட்டிக்கொண்டே போவதனால்தான் மரியாதை என்னும் கல்வி காற்கூற்றிலேயே நின்றுவிடுகிறது.

ஒப்படைப்பது எங்ஙனம்? எட்டாம் வகுப்பு மாணவர் இருவரிடம் மூன்றாம் வகுப்பை வாரம் அரைமணி நேரம் விட்டுப் பார்க்கலாம். "பள்ளியில் பணிபுரியும் ஒவ்வொருவரின் பெயரையும் இச்சிறார்க்குக் கற்பியுங்கள்" என்று சொன்னால் போதும். கற்பிக்கப் புகுந்தவர்க்கு முதலில் தெரியவருவது தம் அறியாமையே. எட்டு ஆண்டுகள் வாயிலில் நின்றவரை 'வாட்ச்மேன்' என்றும், துப்புரவு செய்பவரை 'ஆயா' என்றும் மட்டுமே அறிந்திருந்தது அன்றுதான் உறைக்கும். அவர்கள் சென்று பெயரைக் கேட்பார்கள். ஊரைக் கேட்பார்கள். காலையில் அவர் எத்தனை மணிக்கு வீட்டிலிருந்து புறப்படுகிறார் என்பதும் தெரியவரும். சிறார்க்குச் சொல்லிக்கொடுத்த பின்னர் அவரை "ஏய்" என்று அழைக்க நா எழாது. ஏனெனில் சிறு கண்கள் பார்த்துக்கொண்டிருக்கும். தன்னைப் பார்த்துக் கற்பவர் ஒருவர் உண்டு என்னும் உணர்வைப்போல் மாணவனைத் திருத்துவது வேறில்லை.

வகுப்பில் ஒரு சிறுவன் திக்கிப் பேசுகிறான் என்க. அவன் வாய் திறந்ததும் சிலர் நகைக்கின்றனர். நகைத்தவரைத் தண்டித்தால் நகைப்பு நிற்கும். ஆசிரியர் இல்லாதபோது மீண்டும் தொடங்கும். மாறாக, நகைத்தவருள் ஒருவனிடம், "அவன் ஒரு தொடரை முடிக்கும்வரை இடையில் சொல் எடுத்துக் கொடுக்காமல் காத்திருப்பது எப்படி என்பதை நீ மற்றவர்க்குக் காட்ட வேண்டும்" என்று பொறுப்புத் தரலாம். காத்திருத்தல் கடினம். வாயில் வந்த சொல்லை அடக்குவது உண்மையாகவே ஒரு தவம். அதனைச் செய்தவன்தான் அதன் அருமையை உணர்வான். திக்குபவனோ, தன் சொல்லுக்காக ஒருவர் காத்திருக்கிறார் என்பதை முதன்முறையாக அறிவான்.

மாறுபடும்போது மதித்தல் மற்றொரு பயிற்சி. நூலாசிரியர் கொள்ளும் மதங்கள் ஏழு என்று நன்னூல் கூறும். அவற்றுள் ஒன்று, பிறர் கருத்தை முதலில் ஏற்று உரைத்து, அதன்பின் களைவது. வகுப்பில் சொற்போர் நிகழும்போது இதனையே விதியாக்கலாம். எதிரணியின் கருத்தை, அவர்களே "ஆம், இதுதான் எங்கள் கருத்து" என்று ஒப்பும்படி சொல்லிய பின்னரே மறுக்கத் தொடங்க வேண்டும். அநேகாந்தம் என்னும் பெருந்தத்துவத்தைப் பன்னிரண்டு வயதில் விளக்க முயல்வது கடினம். இவ்விதியின்படி நான்கு முறை வாதிட்ட பிள்ளை, பொருள் ஒன்றிற்குப் பல பக்கங்கள் உண்டு என்பதைத் தானே உணர்ந்துவிடும்.

பெற்றோர்க்குரிய பங்கும் எளியதே. தபால்காரன் 'தபால்காரர்' ஆகட்டும். வீட்டு வேலைக்கு வருபவருக்குத் தனிக் குவளை வேண்டாம். தாத்தா ஒரு செய்தியை மூன்றாம் முறை சொல்லும்போது, "இதைத்தான் முன்பே சொன்னீர்களே" என்று இடைமறிக்கும் பழக்கம் முதலில் பெற்றோரிடம் நிற்கட்டும். முதியவரின் இளமைக்காலக் கதை ஒன்றைப் பிள்ளை கேட்டு எழுதி, அதனைத் தன் தங்கைக்கோ தம்பிக்கோ வாசித்துக் காட்டட்டும். கேட்டலும் மதித்தலும் உடன்பிறந்தவை.

சமூகத்திற்கும் இதில் கடமை உண்டு. கழுகுமலைப் பாறையில் 8, 9ஆம் நூற்றாண்டுகளைச் சார்ந்த திருமேனிகளின் கீழே கல்வெட்டுகள் உள்ளன. அவற்றுள் பல, இன்ன குருவின் மாணாக்கர் செய்வித்த திருமேனி என்னும் வாய்பாட்டில் அமைந்தவை. தம்மை இன்னாரின் மாணாக்கர் என்று சொல்லிக்கொள்வதே தமக்கு அடையாளம் என அவர்கள் கருதினர். குரத்தியர் எனப்பட்ட பெண் ஆசிரியர்களின் பெயர்களும் அங்கே உண்டு. வந்தவாசிப் பகுதியில் உள்ள வேடல் ஊரின் முதலாம் ஆதித்த சோழன் காலக் கல்வெட்டு, கனகவீரக் குரத்தியாரையும் அவருடைய மாணாக்கியர் 500 பேரையும் குறிப்பிடுகிறது. பிணக்கு ஒன்று எழுந்தபோது அவர்களைக் காத்து உணவளிக்கும் பொறுப்பை ஊரார் ஏற்றனர். கற்பவர்க்கு ஊர் செய்த மரியாதை அது. கல்வியாளர் பாதுகாப்பை ஊரே தாங்கிய மண்ணில், ஞாயிறுதோறும் கோயில் வளாகத்தில் மூத்த மாணவர் இளையோர்க்குக் கற்பிக்கும் ஒரு வகுப்பைத் தொடங்குவது அரிதன்று. இடமும் ஒரு கரும்பலகையும் இருந்தால் போதும்.

மாணவச் செல்வங்களே! இன்று மாலை விழா முடிந்ததும் பந்தல் பிரிக்கப்படும். நாற்காலிகளை அடுக்குவோரும், பாத்திரங்களைத் துலக்குவோரும், குப்பையை வாருவோரும் இரவு நெடுநேரம் பணிசெய்வர். வீட்டிற்குப் புறப்படும் முன் அவர்களுள் ஒருவரிடம் சென்று பெயரைக் கேளுங்கள், நன்றி சொல்லுங்கள். செல்லும்போது உங்களினும் சிறிய பிள்ளை ஒன்றையும் கைப்பிடித்து அழைத்துச் செல்லுங்கள். எஞ்சிய அரைக்கூறு அங்கேதான் இருக்கிறது.